மெல்லாமல் விழுங்கியவர்

ராஜ்குமார் கண்ணிலிருந்து ஒரு குறை தப்பியதாக ஓசூர் சிப்காட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவர் குவாலிட்டி சூப்பர்வைசர். பதினெட்டு வருட சர்வீஸ். மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. கீறல் ஏன் வந்தது, அந்தக் காரணம் ஏன் வந்தது என்று ஐந்து தடவை 'ஏன்' கேட்டு அறிக்கை எழுதுவார். ஐந்தாவது ஏனுக்குப் பதில் அநேகமாக ஒன்றுதான்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. சூப்பர்வைசரின் கவனக்குறைவு என்று அந்தக் கம்பெனியில் இதுவரை ஒரு அறிக்கையும் எழுதப்பட்டதில்லை. அப்படி ஒரு சங்கதி உலகத்தில் உண்டு என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

இப்பேர்ப்பட்டவரின் வாயிலேயே ஒரு குறை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் சூளகிரி சர்வீஸ் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. பல் டாக்டர் ரோஸ் நிறத் தகட்டில் ஒற்றைப் பல் வைத்து, இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி போட்டுச் செய்து கொடுத்திருந்தார். "சாப்பிடறப்பவும் தூங்கறப்பவும் கழட்டி வச்சிடுங்க" என்பது அவர் உத்தரவு. இந்தப் பல்லின் ரகசியம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்: ராஜ்குமார், பல் டாக்டர், ராஜ்குமாரின் மனைவி அருணா. குருபரப்பள்ளியில் ஆறு ஏக்கர் மாந்தோப்பு, கம்பெனியில் தனி நாற்காலி, ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லுக்கு ஒரு மதிப்பு. இதெல்லாம் உள்ள மனிதர் பொக்கை வாயோடு சிரிக்க முடியுமா? கேண்டீனில் உட்கார்ந்ததும் கைக்குட்டையால் வாயைத் துடைக்கிற சாக்கில் பல்லைக் கழற்றுவார். பேப்பர் நாப்கினில் மடித்துத் தட்டு ஓரத்தில் வைப்பார். சாப்பிட்டு முடித்ததும் அதே சாக்கில் மாட்டிக்கொள்வார்.

புதன்கிழமை கேண்டீனில் ராகிக் களியும் கோழிக் குழம்பும். அன்றைக்கு மட்டும் ராஜ்குமார் பத்து நிமிடம் முன்னாலேயே போய்விடுவார். களி தின்பது அந்தப் பக்கத்தில் பிறவியிலேயே வருகிற வித்தை. விரலால் ஒரு உருண்டை கிள்ளி, குழம்பில் புரட்டி, வாயில் போட்டு அப்படியே விழுங்க வேண்டும். பல்லில் படக்கூடாது. மென்றால் அவன் வெளியூர்க்காரன்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை எதிரே வந்து உட்கார்ந்தவன் அப்படி ஒரு வெளியூர்க்காரன். மாதவன் என்று பெயர், தூத்துக்குடிப் பக்கம், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். களியை வாயில் போட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தான். அது அண்ணத்தில் ஒட்டி அவன் முகம் கோணியதைக் கண்டு ராஜ்குமாருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, இன்னா பண்றே? களிய மெல்லுவாங்களா யாராவது? இங்க பாரு."

ஒரு எலுமிச்சையளவு உருண்டையை எடுத்து லபக்கென்று விழுங்கிக் காட்டினார். பையன் வாயைப் பிளந்தான். அந்தப் பிளந்த வாய் கொடுத்த உற்சாகத்தில் அடுத்ததை இன்னும் பெரிதாக உருட்டினார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது உருண்டை தொண்டையில் ஒரு கணம் நின்று, சற்று உரசிக்கொண்டு இறங்கியது. ராஜ்குமார் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அவ்ளோதான் வித்தை" என்றார்.

கை கழுவும் இடத்தில் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் பல் இல்லாதது தெரிந்தது.

நாப்கினில் மடித்து வைத்தோமே என்று மேசைக்கு ஓடினார். தட்டு இல்லை. தொழிலாளிகள் அவரவர் தட்டை அவரவரே கொண்டுபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். ஸ்டாஃப் மேசையில் மட்டும் தட்டெடுக்க ஆள் உண்டு. அந்த ஆள் நஞ்சம்மா. பேரண்டப்பள்ளியிலிருந்து வந்து போகிறவள், காண்ட்ராக்ட் கூலி, கேண்டீனில் ஏழு வருடமாக இருக்கிறாள். அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை செய்தது. இப்போது அடுத்தவர் தட்டை எடுக்கிறாள். இதை அந்தப் பக்கத்தில் முன்னேற்றம் என்கிறார்கள்.

"இங்க பேப்பர்ல மடிச்சு ஒரு சாமான் வச்சிருந்தேன், எங்க?" கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டே அதட்டினார்.

"பேப்பரே இல்லீங்களே சார். வெறும் தட்டுதான் இருந்திச்சு."

அவள் சொன்னது உண்மை. அன்றைக்கு எதிரே பையன் உட்கார்ந்துவிட்டதால் ராஜ்குமார் பல்லைக் கழற்றவேயில்லை. ஆனால் அது அவர் நினைவில் இல்லை. மூன்று வருடமாகத் தினமும் கழற்றுகிறவர் இன்றைக்கும் கழற்றியிருப்பார் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. சோதிக்காமலே டிக் போட்ட செக்லிஸ்ட்டை வேறு யாராவது நீட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்.

"என்ன சாமான் சார்?" என்று கேட்டான் மாதவன். அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பல் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கூட்டத்தில் யாரோ, "மோதிரமா சார்?" என்றார்கள்.

ராஜ்குமார் கைக்குட்டைக்குள்ளிருந்து, "ம்" என்றார்.

மீதியை அந்த 'ம்' பார்த்துக்கொண்டது. கேண்டீனைத் தாண்டுவதற்குள் அது ஒரு பவுன் மோதிரமாகியது. கேட்டுக்குப் போவதற்குள் மாமனார் போட்ட இரண்டு பவுன் மோதிரம். எச்சில் தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சாயங்காலம் செக்யூரிட்டிக்காரர் நஞ்சம்மாவின் பையை எல்லாருக்கும் முன்னால் மேசையில் கொட்டினார். மோதிரம் கிடைக்கவில்லை. மிஞ்சிப்போன இரண்டு களி உருண்டைகள் வாழையிலையில் கட்டி இருந்தன. கேண்டீன் சாப்பாட்டை வெளியே கொண்டுபோவது விதிமீறல் என்று காண்ட்ராக்டர் மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்.

ராஜ்குமாருக்கு அன்றிரவு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் காரணம் கண்டுபிடிப்பது அவர் தொழில். அவள் போனது களிக்காக, மோதிரத்துக்காக இல்லை. மேலும் அவள் திருடினாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லையே. ஒரு எழுத்துதான் சொன்னார். அந்த வாரமே பல் டாக்டரிடம் போய்ப் புதுப் பல்லுக்கு அளவு கொடுத்தார்.

"பழசு என்னாச்சுங்க? முழுங்கிடலையே?" என்றார் டாக்டர்.

"நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்று ராஜ்குமார் வாய்விட்டுச் சிரித்தார்.

சித்திரை பிறந்தபோது ராஜ்குமாருக்கு மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. ஒருநாள் போகும், நாலு நாள் நிற்கும். வலி என்று பெரிதாக இல்லை, அடிவயிற்றில் இடப்பக்கம் ஒரு குத்தல் மட்டும். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நாற்காலியில் ஒரு மெத்தை வந்து உட்கார்ந்தது, அது போதாதா? மறுநாளே ஃபேக்டரி முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள்.

"இது மூலவ்யாதியே சார், சந்தேகவே பேடா" என்று சந்தேகத்துக்கே இடமில்லாமல் சொன்னார் ஸ்டோர்ஸ் ராமப்பன். ஆனேக்கல்லில் பெண்ணெடுத்தவர், பாதி கன்னடத்தில்தான் பேசுவார். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்னச் சொன்னார். ராஜ்குமார் தின்றார். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கருணைக்கிழங்கு என்றார். அதுவும் ஆயிற்று. உடம்புச் சூடு என்று இளநீர், வெந்தயம், மோர். கோழியை நிறுத்தினார். களியை நிறுத்தவில்லை, அது குளிர்ச்சி. கடைசியில் பாகலூர் ரோட்டில் 'மூலம், பவுத்திரம் ஒரே ஊசியில்' என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் போய் அந்த ஒரே ஊசியை மூன்று தடவை போட்டுக்கொண்டார். மயிரிழைக் கீறலுக்கு ஐந்து 'ஏன்' கேட்கிறவர், தன் உடம்பிலிருந்து இரண்டு மாதமாக ரத்தம் போவதற்கு ஒரு 'ஏன்' கூடக் கேட்கவில்லை.

ஆனி மாதம், தோப்பில் கடைசி மாங்காய் இறக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கக்கூஸுக்குப் போனவர் வெளியே வரவில்லை. அருணா கதவைத் தட்டிப் பார்த்து, ஆள் விட்டுத் தாழ்ப்பாளை உடைத்தாள். சுவரில் சாய்ந்து வெளுத்துப்போய்க் கிடந்தார். தரையெல்லாம் சிவப்பு.

ஓசூர் ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குடல் டாக்டர் ரேவதி முப்பத்தைந்து வயதுக்காரி, சுருக்கமாகப் பேசுகிறவள். ராஜ்குமாரின் பின்பக்கத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னாள்:

"உங்களுக்கு மூலமே இல்லைங்க."

இரண்டு மாதம் தின்ற துத்தி இலை முழுவதும் ராஜ்குமார் கண்முன் வந்து போயிற்று. "அப்ப வேற என்ன மேடம்?"

"கேமரா விட்டுப் பாத்தாத்தான் தெரியும். பெருங்குடல்ல ரத்தக்குழாய் முடிச்சுப் போட்டிருக்கலாம். சில பேருக்குப் பிறவியிலேயே குடல்ல ஒரு சின்னப் பை இருக்கும், அது கசியும். வலி மாத்திரை அதிகமா போட்டா புண்ணு வரும். இதய வால்வு கெட்டுப்போய்க் குடல்ல ரத்தம் கசிஞ்சவங்களையும் பாத்திருக்கேன். கட்டியாவும் இருக்கலாம்."

மற்றதெல்லாம் அவர் காதில் விழவில்லை. கட்டி மட்டும் விழுந்தது.

"எதையாவது முழுங்கினீங்களா? கோழி எலும்பு, பல்குச்சி, அந்த மாதிரி?"

"களியத் தவிர வேற எதையும் நான் மெல்லாம முழுங்கறதில்ல மேடம்."

ரேவதி சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

குடலைச் சுத்தம் செய்ய நாலு லிட்டர் பேதி மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டு, படுத்துக்கொண்டு ராஜ்குமார் சாவைப் பற்றி யோசித்தார். பயமாக இருந்தது. நிஜமான பயம். ஐம்பது வயது கூட ஆகவில்லை. என்ன பாவம் செய்தேன் என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் கேட்டுக்கொள்கிற கேள்விதான். ஆனால் அவருக்கு உடனே பதில் வந்தது: எச்சில் தட்டோடு நின்ற நஞ்சம்மாவின் முகம். அதைத் தள்ளிவிட்டு மறுபடி கட்டியைப் பற்றி யோசித்தார். கட்டியைப் பற்றி நினைப்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

மறுநாள் மயக்கம் தெளிந்தபோது கட்டில் அருகே அருணா நின்றிருந்தாள். கம்பெனி சார்பில் ஆப்பிளோடு மாதவனும் வந்திருந்தான். ரேவதி உள்ளே வந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"கட்டி இல்லைங்க. இதுதான். இடப்பக்கம் பெருங்குடல் வளைவுல கொக்கி மாட்டிக் கெடந்துச்சு. குடலைக் குத்திப் புண்ணாக்கி வச்சிருக்கு. கேமரா வழியாவே எடுத்துட்டோம். கொஞ்சம் விட்டிருந்தா ஓட்டை போட்டிருக்கும்."

டப்பாவுக்குள் பல் இருந்தது. ரோஸ் தகடு கறுத்திருந்தது, கம்பி வளைந்திருந்தது. ஐந்து மாதம் அவர் எங்கே போனாலும் கூடவே போய்க்கொண்டிருந்த சாமான்.

பிழைத்துவிட்டோம் என்கிற சந்தோஷம் ராஜ்குமாருக்கு அரை நிமிடம் முழுசாக இருந்தது. அதற்குள் மாதவன் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரொம்ப வெள்ளந்தியாகச் சொன்னான்:

"களி முழுங்கிக் காட்டுனீங்களே சார், அன்னைக்குத்தான் போயிருக்கும் போல. உங்க மோதிரம் தொலைஞ்சதும் அதே புதன்கிழமைதான? ஒரே நாளுல ரெண்டு நஷ்டம்."

"எந்த மோதிரம்?" என்றாள் அருணா. "இவருக்கு ஏதுப்பா மோதிரம்? கல்யாணத்துல போட்டதே எம் பீரோவுலதான் கெடக்குது. வெரல் வீங்குதுன்னு பத்து வருசமா போடறதில்ல."

மாதவன் ராஜ்குமாரைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். இன்ஜினியரிங் படித்த பையன், கணக்கு வேகமாக ஓடியது. ஆப்பிளை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அருணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். ராஜ்குமார் சொன்னார். முடித்ததும் அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கு உங்களப் பாக்கவே பிடிக்கல" என்றாள். இருபத்துமூன்று வருடத்தில் எவ்வளவோ திட்டியிருக்கிறாள். இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராஜ்குமாருக்கு வயிற்றில் இருந்த புண் அப்போதுதான் நிஜமாக வலித்தது.

டிஸ்சார்ஜ் அன்று ரேவதியிடம், "ரிப்போர்ட்ல பெருங்குடல் புண்ணுன்னு மட்டும் போட்டுடலாங்களா?" என்று கேட்டுப் பார்த்தார். பழக்கம் எங்கே போகும். "எடுத்ததத்தான் எழுத முடியும்" என்றாள் அவள்.

இன்சூரன்ஸுக்காக அந்த ரிப்போர்ட் ஹெச்ஆர் அசோக்குமாரிடம் போயிற்று. அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மாதவன்கிட்ட சொல்லி வச்சிட்டேன் சார், வெளிய பேச மாட்டான். அந்தப் பொம்பள விசயம் முடிஞ்சுபோன கதை, ஃபைல் குளோஸ் ஆயிடுச்சு. சூப்பர்வைசர் பேரு கெட்டா டிபார்ட்மென்ட் பேரு கெடும். நீங்க உடம்பப் பாத்துக்கோங்க."

எவ்வளவு பண்பான மனிதர். ராஜ்குமார் இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். ஐந்து மாதம் வயிற்றில் இருந்ததை வெளியே எடுத்தாயிற்று, மீதியை அசோக்குமார் விழுங்கத் தயாராக இருக்கிறார். ஆனால் வீட்டில் அருணா சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ராஜ்குமார் வண்டியை எடுத்துக்கொண்டு நஞ்சம்மாவைத் தேடிப் பேரண்டப்பள்ளிக்குப் போனார். கெலவரப்பள்ளி டேம் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக ரோஜாச் செடிகள். நஞ்சம்மா கையுறை போட்டுக்கொண்டு மொட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றாள். பிறகு ஏன் நின்றோம் என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்தாள்.

ராஜ்குமார் டப்பாவை நீட்டி நடந்ததைச் சொன்னார். வழியெல்லாம் நல்ல வார்த்தைகளாகத் தயார் செய்து வந்திருந்தார். ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"இதுக்கா சார் எம் பைய கொட்டினாங்கோ?" என்றாள். கோபமாகக் கூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவள் மாதிரி இருந்தது.

"தப்புதாம்மா. நான் காண்ட்ராக்டர்கிட்ட பேசறேன். திங்கக்கெழமையே நீ வேலைக்கு வந்துடலாம்."

"எனக்கு இங்க வேல இருக்குதுங்க சார். எச்சி தட்டு இல்ல, முள்ளுதான்." ஒரு கட்டு ரோஜாவை ரப்பர் பேண்டில் மாட்டினாள். "எம் மவ ஜோதிமணி உங்க கம்பெனியிலதான் டிரெயினியா கீறா, அசெம்பிளியில. தெரியுங்களா?"

அவருக்குத் தெரியாது.

"டெய்லி சாயங்காலம் கேட்டுல எல்லா புள்ளைங்க பையையும் மேலாப்புல தொறந்து பாத்து உட்டுடறாங்க. எம் புள்ள பைய மட்டும் கொட்டிப் பாக்கறாங்க. அஞ்சு மாசமா. எல்லாரும் நின்னு பாப்பாங்க. அவ திரும்ப ஒண்ணொண்ணா பொறுக்கிப் போட்டுக்கினு வரா. வேலைய விட்டுடுடின்னா, விட்டா நாமதான் எடுத்தோம்னு ஆயிடும்மாங்கறா."

ராஜ்குமார் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், சேலத்தில் படிக்கிறாள். அவள் பையை ஒருவன் மேசைமேல் கொட்டுவதாக நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"என்ன செய்யணும், சொல்லும்மா."

"இங்க வந்து எங்கிட்ட சொன்னா பூச்செடிக்குத்தான் கேக்கும். எனக்குத் தெரியும் சார், நான் எடுக்கலன்னு. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க. நானும் வந்து நிக்கறேன்."

கேண்டீனில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்றதும் அசோக்குமார் தலையில் அடித்துக்கொண்டார். "மெயில் அனுப்பலாம், நோட்டீஸ் போர்டுல ரெண்டு வரி போடலாம், சாப்பாட்டு நேரத்துல எதுக்கு சார்" என்று எவ்வளவோ கெஞ்சினார். ராஜ்குமார் விசிட்டர் பாஸ் வாங்கி நஞ்சம்மாவைக் கேட்டுக்குள் அழைத்து வந்தார். புதன்கிழமை, முதல் ஷிப்ட் சாப்பாடு. முன்னூறு பேர், தட்டுச் சத்தம், மின்விசிறிச் சத்தம். தட்டுகளில் களி ஆவி பறந்துகொண்டிருந்தது. நஞ்சம்மா தட்டுக் கழுவும் இடத்தருகே சுவரோரமாக நின்றாள்.

ராஜ்குமார் ஸ்டாஃப் மேசைக்கு முன்னால் போய் நின்றார். புதுப் பல்லைக் கழற்றி எல்லாரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் பாதிக் கேண்டீன். பொக்கை வழியாகக் காற்றுப் போக அவர் சொன்னார்: எனக்கு மோதிரமே கிடையாது, தொலைந்தது இந்த மாதிரிப் பல், அதை நானே விழுங்கிவிட்டேன், நஞ்சம்மா எதையும் எடுக்கவில்லை, எடுத்ததாக எல்லாரும் நினைத்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. தவறு என்னுடையது.

ராமப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைத் துப்பினார். மாதவன் தலையைக் குனிந்துகொண்டான். ராஜ்குமார் வியர்வையைத் துடைத்தார். பதினெட்டு வருட மானம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது, ஆனாலும் முடிந்துவிட்டது என்று நஞ்சம்மாவைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பேர் சிரித்த இடத்தில் அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை கேண்டீனின் மறுகோடியில், டிரெயினிப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் இருந்தது.

"சிரிப்புச் சத்தத்துல கடைசி மேசைக்குக் கேக்கல சார்" என்றாள். "எம் மவ அங்கதான் உக்காந்துகினு கீறா."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ராஜ்குமார் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.